பிக்கப் அப்புறம் வாங்கலாம், முதல்ல சுதியை இறக்குங்க

போன வாரம் நம்ம மியூசிக் கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போல் ஓடியது. கிளப்புக்கு இந்த வருஷம் ஒதுக்கிய பணத்தில் அந்தப் பன்னிரண்டு கம்பி கிட்டாருக்கு என்ன வாங்கலாம் என்று கேள்வி. நாலு சாய்ஸ்: பிக்கப், புது ட்யூனிங் கீ, எலும்பு நட், கடைசியாக ஒப்புக்கு "ஸ்ட்ரிங்ஸும் மற்றதும்". பிக்கப் அமோக வெற்றி. ஸ்ட்ரிங்ஸுக்கு விழுந்தது மூணே ஓட்டு. ஒண்ணு என்னுடையது. இன்னொண்ணு என் பெஞ்ச்மேட்டுடையது, அவனை நான்தான் மிரட்டிப் போட வைத்தேன். மூணாவது யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் கேன்டீனில் ஒரு டீ என் கணக்கில்.

வர்ற வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் இதை முடிவு செய்யப் போகிறார்கள். அதுக்கு முன்னாடி என் பக்கத்து நியாயத்தை எழுதிவிடுகிறேன். குரூப்பில் எழுதினால் நடுவில் நாலு ஸ்டிக்கர் வந்து விழும், யாரும் படிக்க மாட்டீர்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் கிட்டாருக்கு இப்போது தேவை அப்கிரேடே இல்லை. அதன் மேல் ஏற்றி வைத்திருக்கும் பாரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் ஒரு பன்னிரண்டு கம்பி கிட்டாரைக் கெடுத்தவன். அந்தத் தகுதிதான்.

எங்கள் வீடு காசிமேட்டில். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். எங்கள் பக்கம் கிட்டார் என்பது ஒன்றும் அதிசயப் பொருள் இல்லை. ராயபுரம் புனித பேதுரு ஆலயம் படகுக்காரர்கள் கட்டிய கோயில். அந்தப் பக்கத்துக் கோயில்கள் எதற்குள் போனாலும் கொயர் இருக்கும், கொயர் இருந்தால் ஒரு கிட்டாராவது இருக்கும். ராயபுரம், பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. இந்தப் பக்கம் கானா மேடையில் டோலக்கும் ஆர்மோனியமும் எவ்வளவு சகஜமோ, கோயிலுக்குள் கிட்டார் அவ்வளவு சகஜம். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் கானாவும் கிட்டாரும் பறையும் ஒன்றாக நின்றபோது பாதி ஊர் ஆச்சரியப்பட்டது. எங்கள் தெருவில் "இது நம்ம வூட்டு விசேஷம் மாதிரிதானே கீது" என்றுதான் பேசினார்கள்.

கொயரில் வாசித்த அண்ணன் ஒருத்தர் வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது அவருடைய பன்னிரண்டு கம்பிக் கிட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "உடைச்சிடாதடா" என்று மட்டும் சொன்னார். அது நான் ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது.

அடுத்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதத்தில்தான் லாஞ்சை ஏற்றி வைத்து மரவேலை, பெயின்ட் எல்லாம் பார்ப்பார்கள். என் மாமா கூடப் போய் சுரண்டி, பெயின்ட் அடித்துச் சம்பாதித்த காசில் கிட்டாருக்கு ஏதாவது செய்யணும் என்று ஆசை. ஒரு கடையில் விசாரித்தேன். "தடிமனான செட்டு போடு தம்பி, சவுண்டு சும்மா கும்முனு வரும்" என்றார்கள். போட்டேன். கும்மென்றுதான் வந்தது. வீட்டில் அம்மாவே வந்து கேட்டுவிட்டுப் போனாங்க. ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி, எல்லோரும் தூங்கும்போது, சுவரில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். லைட்டைப் போட்டுப் பார்த்தால் பிரிட்ஜ் பின்பக்கம் பலகையை விட்டுப் பிய்ந்து எழுந்து நிற்கிறது. கூடவே மேல் பலகையின் மரம் ஒரு சிலாம்பு பெயர்ந்து வந்திருக்கிறது. தடைக்காலச் சம்பாத்தியம் மொத்தமும், அதற்கு மேலும், அதைச் சரிபார்ப்பதில் போனது. அண்ணனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவர் இந்த இதழைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஏன் அப்படி ஆச்சு? நாம் எல்லோரும் இன்ஜினியரிங் படிக்கிறோம். கணக்குப் போட்டே பார்க்கலாம், ஆனால் யாரும் கிட்டாருக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நானும் பிய்ந்த பிறகுதான் போட்டேன்.

முதலில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கிட்டாரில் கம்பிகள் ஆறு ஜோடி. தடித்த நாலு ஜோடியில் (ஈ, ஏ, டி, ஜி) ஒன்று வழக்கமான கம்பி, பக்கத்தில் உள்ளது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. மெல்லிய இரண்டு ஜோடியும் (பி, ஈ) ஒரே சுரம். கப்ளர் போட்ட ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கினால் கூடவே மேல் ஸ்தாயிக் கட்டையும் இறங்குமே, கிட்டத்தட்ட அதுதான். ஒரே சுரத்தில் வைத்த இரண்டு கம்பியும் துல்லியமாக ஒன்றாக இருப்பதே இல்லை. ஒன்று 330 ஹெர்ட்ஸ், மற்றது 330.5 என்றால் இரண்டு வினாடிக்கு ஒரு தடவை ஒலி மெல்ல ஏறி இறங்கும். அந்த மினுமினுப்புக்காகத்தான் இந்த வாத்தியம். பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆரம்பத்திலும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஆரம்பத்திலும் நீங்கள் கேட்பது அதுதான்.

அந்த மினுமினுப்புக்குக் கிட்டார் கொடுக்கும் விலை இழுவிசை. சாதாரண ஆறு கம்பிக் கிட்டாரில் லைட் செட் போட்டால் எல்லாக் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய எழுபது எழுபத்தைந்து கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். பன்னிரண்டு கம்பியில் லைட் செட், அதாவது பத்திலிருந்து நாற்பத்தேழு வரை உள்ள செட் போட்டாலே நூறு கிலோ தாண்டிவிடும். நான் போட்டது பன்னிரண்டிலிருந்து ஐம்பத்திரண்டு. இழுவிசை கம்பியின் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பத்து பன்னிரண்டு ஆனால் அந்தக் கம்பிக்கு மட்டும் 44 சதவிகிதம் கூடுதல். மொத்தமாகப் பார்த்தால் கால்பங்கு கூடியிருக்கும். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு மெல்லிய பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் அதை ராவும் பகலும் தாங்க வேண்டும். அதுவும் மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊறிய பலகை. தப்பு பிரிட்ஜ் மேல் இல்லை.

இப்போ இதே சமன்பாட்டின் நல்ல பக்கம். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் ஏற்பத்தான் ஏறி இறங்கும். எல்லாக் கம்பியையும் இரண்டு ஃபிரெட் அளவு, அதாவது ஒரு முழு சுரம், கீழே இறக்குங்கள். ஈ இருந்த இடத்தில் டி. இழுவிசை 20 சதவிகிதம் குறைந்துவிடும். நூறு கிலோ எண்பது ஆகிறது. ஒரு பைசா செலவில்லை. அரை சுரம் மட்டும் இறக்கினால்கூட 11 சதவிகிதம். அப்புறம் இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் பழையபடி நார்மல் சுதி. பாடுபவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, கிட்டாருக்குத் தெரியும்.

இதை ஏதோ ஏழைக் கிட்டாருக்கான குறுக்கு வழி என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு கம்பியின் பெரிய ஆள் என்று எல்லோரும் கொண்டாடும் லெட் பெல்லி தன் ஸ்டெல்லா கிட்டாரை நார்மல் சுதியிலிருந்து ரொம்பக் கீழே இறக்கித்தான் வாசித்தார். அவருக்கு அந்தக் கனமான சத்தம் கிடைத்ததே அதனால்தான். தடித்த செட்டுக்கு நியாயமான இடமும் அங்கேதான் இருக்கிறது. ஐம்பத்திரண்டு செட்டை டி-க்கு இறக்கி வாசித்தால், லைட் செட்டை நார்மலில் வாசிப்பதோடு கிட்டத்தட்ட சரியாகிவிடும். அந்தக் கடைக்காரர் பாதியைச் சொன்னார், மீதிப் பாதியைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்தது ஜி ஜோடியின் மெல்லிய கம்பி. நம் கிளப்பில் எல்லோருக்கும் பழக்கமான எதிரி. போன செமஸ்டரில் மட்டும் எத்தனை அறுந்தது என்று ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர், "ரொம்ப மெல்லிசா இருக்குடா, அடுத்த தடவை ஒன்பது போடலாம்" என்று சொல்வது வழக்கம். போட்டாலும் அறும். காரணம் இதோ.

வெறும் எஃகுக் கம்பியில் தகைவு என்பது இழுவிசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தது. தடிமனைக் கூட்டினால் பரப்பு கூடும், எடையும் அதே அளவு கூடும், அதே சுதிக்கு வர இழுவிசையும் அதே அளவு கூட்டவேண்டும். மேலும் கீழும் அடிபட்டு விட்டம் சமன்பாட்டிலிருந்தே காணாமல் போகும். மிஞ்சுவது அடர்த்தி, கம்பியின் நீளம், அதிர்வெண் இந்த மூன்றும்தான். எஃகின் அடர்த்தி 7850, நட்டிலிருந்து சேடில் வரை 0.648 மீட்டர், ஜி-யின் மேல் ஸ்தாயி 392 ஹெர்ட்ஸ். இரண்டு, நீளம், அதிர்வெண் மூன்றையும் பெருக்கி, வர்க்கம் எடுத்து, அடர்த்தியால் பெருக்குங்கள். ஏறக்குறைய 2000 மெகா பாஸ்கல் வரும். அதே கிட்டாரில் கடைசி ஈ கம்பிக்கு 1430தான். இந்தத் தடிமனில் மியூசிக் வயரின் முறிவு வலிமையே 2700-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதாவது புத்தம் புதுக் கம்பியே தன் உயிரில் முக்கால் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறது. ஒன்பது போட்டாலும் பத்து போட்டாலும் இதே 2000தான். டி-க்கு இறக்கினால் 1600. அதனால்தான் மறுபடியும் மறுபடியும் இறக்கு இறக்கு என்கிறேன். எஸ்.ஓ.எம். பேப்பரில் இந்த ஒரு கணக்கைக் கேட்டிருந்தால் எனக்கு அரியர் வந்திருக்காது, அது வேற கதை.

இந்த 2000-க்கு மேல் நம்ம ஊர் உப்பும் சேர்ந்தால் என்னவாகும்?

எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பிக்கு வருஷம் ஒரு தடவை பெயின்ட் அடிப்போம், அப்படியும் துரு. கடல் காற்றில் வரும் உப்புத் துகள் எஃகின் மேல் உட்கார்ந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஊசி முனை அளவுக்குக் குழி விழும். தடித்த இரும்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 0.2 மில்லிமீட்டர் கம்பிக்கு, அதுவும் முக்கால் உயிரில் நிற்கும் கம்பிக்கு, அந்தக் குழிதான் அறுகிற இடம். உங்கள் கம்பி எங்கே அறுகிறது என்று அடுத்த தடவை பாருங்கள். பெரும்பாலும் சேடில் பக்கமோ, கீயில் சுற்றுகிற வளைவிலோ. வளைவும் துருவும் சேரும் இடம்.

மாமாவிடம் ஒரு நாள் அறுந்த கம்பியைக் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, உப்பு ஏறுன இரும்பத் தொடைக்காம உட்டா அது உன்னைக் கேட்டுக்கினா அறுவும்?" என்றார். லாஞ்சில் எந்த இரும்புச் சாமானையும் நல்ல தண்ணியில் கழுவி, துடைத்து, எண்ணெய் காட்டாமல் அவர் கீழே வைக்க மாட்டார். நான் மூணு வருஷமாய் கிட்டார் வாசிக்கிறேன், வாசித்து முடித்ததும் துடைக்கணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு கிட்டார் பிடிக்கக்கூடத் தெரியாது.

அதனால் அக்சஸரி லிஸ்ட்டில் என் முதல் ஐட்டம் ஒரு பழைய காட்டன் லுங்கி. சிரிக்காதீர்கள். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து வையுங்கள். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு ஜோடிக்கும் அடியில் அந்தத் துண்டை விட்டு, மேலும் கீழும் இழுத்துத் துடையுங்கள். கம்பியின் அடிப்பக்கம்தான் முக்கியம், வியர்வை அங்கேதான் தங்கும். துணியில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் இருந்தால் வெறும் எஃகுக் கம்பிகளுக்கு நல்லது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்து ஃபிரெட் ஓரமெல்லாம் அழுக்கு அப்பிக்கொள்ளும். நான் செய்து பார்த்துவிட்டேன்.

இப்போ எந்தக் கம்பி வாங்குவது. கடையில் மூன்று பெயர் கேட்பீர்கள். எயிட்டி ட்வென்ட்டி பிரான்ஸ் என்பது பெயரில்தான் பிரான்ஸ், உண்மையில் பித்தளை: செம்பு 80, துத்தநாகம் 20. முதல் இரண்டு நாள் கண்ணாடி மாதிரி ஒலிக்கும். உப்புக் காற்று அதன் துத்தநாகத்தைத்தான் முதலில் தின்னும். இரும்புப் படகின் அடியில் துத்தநாகக் கட்டியை வைப்பதே உப்பு முதலில் அதைத் தின்னட்டும் என்றுதான். அதே துத்தநாகத்தைக் கம்பியில் வைத்துக்கொண்டு அது பளபளப்பாக இருக்கணும் என்றால் எப்படி? பாஸ்பர் பிரான்ஸ் என்பது செம்பும் வெள்ளீயமும், துளி பாஸ்பரஸும். கொஞ்சம் மிருதுவான ஒலி, ஆனால் அதே ஒலி ரொம்ப நாள் இருக்கும். காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்வது பாஸ்பர் பிரான்ஸ்தான், வேறு யோசனையே வேண்டாம்.

மூன்றாவது, கோட்டிங் போட்டது. எலிக்சர் கம்பியைச் செய்வது மழைக்கோட்டுத் துணி கோர்-டெக்ஸ் செய்கிற அதே கோர் கம்பெனிதான். கம்பி மேல் மெல்லிய படலம் போட்டு ஈரத்தைத் தள்ளி வைக்கிறார்கள். நல்ல சரக்கு, ரொம்ப நாள் வரும், விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆறு கம்பி வாசிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பன்னிரண்டில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. நம் செட்டில் குறைந்தது ஆறு கம்பி சுற்று இல்லாத வெறும் எஃகு. அந்தப் படலத்தின் முழுப் பலன் சுற்றுக் கம்பிக்குத்தான், அதன் சுற்றுகளுக்கு நடுவில்தானே அழுக்கு சேரும். வெறும் எஃகுக்குப் பெரும்பாலும் துரு தாங்குகிற முலாம்தான். ஆக, சுற்றுக் கம்பி எல்லாம் மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று இருக்கும்போதே மெல்லிய கம்பிகள் கறுத்து, சுதி நிற்காமல் போய்விடும். உடனே புது செட் வாங்குவது வீண் செலவு.

நான் செய்வது இது. எலெக்ட்ரிக் கிட்டாரின் வெறும் எஃகுக் கம்பியும் அக்கூஸ்டிக்கின் வெறும் எஃகுக் கம்பியும் வேலைக்கு ஒன்றேதான். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு எல்லாம் எலெக்ட்ரிக் கம்பியாகத் தனித்தனியாகவே கிடைக்கும். நுனியில் அதே குண்டு இருக்கும், பிரிட்ஜ் பின்னில் அப்படியே உட்காரும். ஒரு நல்ல செட் போட்டுவிட்டு, நடுவில் இரண்டு தடவை இந்த மெல்லிய கம்பிகளை மட்டும் தனியாக வாங்கி மாற்றினால் போதும். மொத்தச் செலவு கணிசமாகக் குறையும். எட்டாம் நம்பர் மட்டும் எப்போதும் மூன்று நான்கு கையில் இருக்கட்டும். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் மாதிரி பெரிய கடையில் கேட்டுப் பாருங்கள், 1842-லிருந்து வாத்தியம் விற்கிற இடம், எட்டாம் நம்பர் தனியாகக் கேட்டதற்கு யாரும் உங்களை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

கேப்போ விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நம் கிளப்பில் இருப்பது ஆறு கம்பிக் கேப்போ. அதைப் பன்னிரண்டில் போட்டால் தடித்த கம்பி ரப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் உள்ள மெல்லிய கம்பி சரியாக அமுங்காமல் 'ங்ஙீ' என்று அழும். நெக்கும் அகலம். பன்னிரண்டு கம்பிக்கென்றே செய்த கேப்போ ஷப், கைசர் இரண்டு கம்பெனியிலும் இருக்கிறது. டி-க்கு இறக்கி வாசிக்கப் போகிறோம் என்றால் இது இல்லாமல் முடியாது. கூடவே ஒரு கிளிப் ட்யூனர். செயலியில் ட்யூன் செய்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கல்ச்சுரல்ஸ் இரைச்சலில் போன் மைக்குக்குக் காது கேட்காது, கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வைப் பிடிக்கும். ஜோடியில் ஒரு கம்பியை விரலால் தொட்டு அமர்த்திவிட்டு மற்றதை ட்யூன் செய்யணும், இரண்டும் சேர்ந்து ஒலித்தால் அதற்கும் குழப்பம்தான்.

ஈரத்துக்கு வருவோம். யூட்யூபில் வெள்ளைக்காரர்கள் எல்லாம் கிட்டார் பெட்டிக்குள் ஹியூமிடிஃபையர் போடு என்று சொல்கிறார்கள். அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி மரம் காய்ந்து வெடிக்கும், அதற்கு அது சரி. கிட்டார் மரத்துக்கு ஒத்துப்போகும் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவிகிதம். நம்ம ஊரில் அதைத் தாண்டிய நாள்தான் அதிகம், கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். நமக்கு வேண்டியது சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை வாங்கினால் நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடு காட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். நம் கிளப் கிட்டாருக்கு இன்னொரு கொடுமையும் நடக்கிறது. ஏசி ஹாலில் பூட்டி வைத்திருக்கிறோம். பிராக்டிஸுக்கு வெளியே எடுத்த உடனே குளிர்ந்த கம்பியின் மேல் ஈரம் படிவதை நானே பார்த்திருக்கிறேன். பெட்டியை மூடியபடியே வெளியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திறங்கள், அவ்வளவுதான்.

இனி போலில் ஜெயித்த பிக்கப். நான் பிக்கப்புக்கு எதிரி இல்லை. ஆனால் நம் கிட்டாரை யாராவது குனிந்து பார்த்தீர்களா? ஒரு ஸ்டீல் ஸ்கேலை பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையின் மேல் குறுக்கே வையுங்கள். இரண்டு ஓரமும் அந்தரத்தில் நிற்கும், நடுவில் வயிறு உப்பியிருக்கிறது. ஒரு விசிட்டிங் கார்டை பிரிட்ஜின் பின் விளிம்பில் செருகிப் பாருங்கள். இடது மூலையில் கொஞ்சம் உள்ளே போகிறது. எனக்கு அந்த ஐப்பசி ராத்திரிக்கு முன்னாடி இருந்த நிலைமை இதுவேதான், அப்போ பார்க்கத் தெரியவில்லை. சேடிலுக்கு அடியில் வைக்கும் பியசோ பிக்கப்புக்கு அடிப்பரப்பு சமமாக இருக்கணும், இல்லையென்றால் பன்னிரண்டு கம்பியில் சிலது கத்தும் சிலது முனகும். அதை வைக்க பிரிட்ஜிலும் பலகையிலும் ஓட்டை போடணும். ஏற்கனவே எழும்புகிற பிரிட்ஜில். ஓட்டைக்குள் மாட்டும் காந்த பிக்கப் போடலாம் என்றால் அதில் பெரும்பாலானவை ஆறு கம்பிக்குக் கணக்குப் பண்ணிச் செய்தவை, ஜோடிக்குள் சமநிலை கிடைப்பது அதிர்ஷ்டம். வருஷத்தில் இரண்டு தடவை ஆடிட்டோரியம் மேடை. அதற்கு கிளப்பில் இருக்கும் மைக்கில் ஒன்றை, ஓட்டைக்கு நேரே வைக்காமல் நெக்கும் உடலும் சேரும் இடத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும்.

ட்யூனிங் கீ கேட்டவர்களுக்கு: கீயைத் திருப்பும்போது 'டிங்' என்று சத்தம் வந்து சுதி திடீரென்று தாவுகிறதா? அது கீயின் தப்பு இல்லை. நட்டின் பள்ளத்தில் கம்பி மாட்டிக்கொண்டு விடுபடுகிற சத்தம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். பன்னிரண்டு புதுக் கீ வாங்கும் செலவு மிச்சம். எலும்பு நட் கேட்டவர்களோடு மட்டும் எனக்குப் பாதி உடன்பாடு. எலும்பா பிளாஸ்டிக்கா என்பதைவிட பன்னிரண்டு பள்ளத்தையும் யார் அராவுகிறார் என்பதுதான் பெரிய விஷயம். தடித்ததும் மெல்லியதும் பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் வேற வேற ஆழம். அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்தால் ஜி-யை அமுக்க விரல் இவ்வளவு வலிக்காது. நம் ஜூனியர் பெண் ஒருத்தி மூன்று நாள் வாசித்துவிட்டு "இது பசங்க வாசிக்கிற கிட்டார்" என்று வைத்துவிட்டுப் போனாளே, அதற்குக் காரணம் அவள் விரல் இல்லை, நட் உயரம்.

ஆக என் பட்ஜெட்: பிரிட்ஜை ஒட்டவைத்து, நட்டும் சேடிலும் சரிபார்க்க வேலை தெரிந்த ஒருவருக்குக் கூலி. பன்னிரண்டு கம்பிக் கேப்போ ஒன்று. கிளிப் ட்யூனர் ஒன்று. பாஸ்பர் பிரான்ஸ் லைட் செட் இரண்டு. எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு தனிக் கம்பிகள் ஒரு வருஷத்துக்கு. சிலிக்கா ஜெல். லுங்கி என் உபயம். இதற்குப் பிறகும் பணம் மிஞ்சும். மிஞ்சுவதை வைத்து அடுத்த வருஷம் பிக்கப் பற்றி யோசிக்கலாம், அப்போ நானே ஓட்டுப் போடுகிறேன்.

இன்னொன்று, இது போலில் இல்லாதது. கிட்டாரை வார இறுதியில் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போக கிளப் அனுமதிக்கணும். சொந்தமாக ஆறு கம்பிக் கிட்டாரே வாங்க முடியாதவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கிளப் பொறுப்பாளர்களுக்குத் தெரியும். பூட்டி வைத்தால் பத்திரம் என்பது தப்பு. ஏசி ஹாலில் நார்மல் சுதியில் முறுக்கி மூன்று மாதம் பூட்டி வைத்ததில்தான் அந்த வயிறு உப்பியது. செமஸ்டர் லீவுக்குப் பூட்டுவதானால் குறைந்தது இரண்டு சுரம் தளர்த்திவிட்டுப் பூட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு அண்ணனுடைய கிட்டாரை எடுத்து வருகிறேன். ஒட்டுப்போட்ட பிரிட்ஜோடு, டி-க்கு இறக்கி, பாஸ்பர் பிரான்ஸ் போட்டு, இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போவோடு. பக்கத்தில் கிளப் கிட்டாரையும் வைத்து இரண்டிலும் ஒரே பாட்டை வாசிக்கிறேன். கேட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை போல் போடுங்கள். அந்த மூணாவது ஓட்டுக்காரர் டீக்கு நாலு மணிக்கே வந்துடுங்க.